டோரதி கேட்ட ஞானத்தாய்

ஆஸ்பத்திரி வாசலில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற பெண்ணை ரோசரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பகல் டூட்டி முடிந்து, உறையூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்தான் வழியை மறித்தாள்.

"அக்கா, நான் டோரதி. பாலக்கரை சவரிநாதன் மக."

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் பிரசவ வார்டில், இவளுடைய அம்மா இருதயமேரிக்கு மாதம் நிறையாமல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமியார் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், ரோசரி குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குழந்தையின் தலையில் ஊற்றி, பிதா சுதன் பெயரைச் சொல்லி, அருளப்பன் என்று பேரும் வைத்தாள். கத்தோலிக்க நர்ஸ்கள் எல்லாரும் செய்வதுதான். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் அது ஞானஸ்நானம்தான் என்பது திருச்சபையின் சட்டம். சாமியாரும் ஒத்துக்கொண்டு, குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார். அன்றைக்கு வராந்தாவில் கண் கொட்டாமல் நின்று பார்த்த பெண் இவள்.

"என்னடா கண்ணு, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லாருக்காங்க. மாதா திருநாளுக்கு மேற்றிராணியார் வர்றாரு. எனக்கு உறுதிபூசுதல். நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்."

ரோசரி பஸ்ஸை மறந்து நின்றுவிட்டாள்.

உறுதிபூசுதல் அன்று பிள்ளைகள் வரிசையாகப் பீடத்துக்கு முன்னால் நிற்பார்கள். மேற்றிராணியார், அதாவது பிஷப், நெற்றியில் தைலம் பூசி, கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். அந்த நேரத்தில் பின்னால் நிற்கிற ஞானத்தாய் பிள்ளையின் வலது தோளில் கை வைத்திருக்க வேண்டும். இனி இந்தப் பிள்ளை யாரைப் பார்த்து நடக்கப் போகிறது என்பதை ஊரறியச் சொல்லுகிற கை அது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பெரிய இடத்துக் கையாகத் தேடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர், மாதா சபைத் தலைவி, ரயில்வே அதிகாரியின் சம்சாரம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சு நடக்கும்.

"என்னால முடியாதுடா. உங்க உபதேசியாரைக் கேளு, ஏன்னு சொல்லுவாரு."

"கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நீங்க பாவத்துல இருக்கீங்களாம்." பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொன்னாள். "நான் திருப்பிக் கேட்டேன். என் தம்பி தலையில தண்ணி ஊத்த அவங்க கை ஆகும், என் தோள்ல வெக்க ஆகாதான்னு."

"அதுக்கு?"

"முட்டி போடச் சொன்னாரு."

ரோசரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. "ஊருல எத்தனையோ நல்லவங்க இருக்காங்க. நான் ஏன்டா?"

டோரதி யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "உங்களைப் பத்தி எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க. நீங்க பாட்டுக்கு வந்து, கடைசி பெஞ்சுல தலை நிமிந்து உக்காந்து பூசை பாத்துட்டுப் போறீங்க. யாருக்கும் பயப்படல. எனக்கு அப்படி ஆகணும்."

எல்லாரும் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்க எழுந்து போகும்போது, காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவள் வேறு எங்கே பார்ப்பாள்? குனிந்தால் கண்ணில் இருப்பது கொட்டிவிடும். அதற்காக நிமிர்ந்த தலை அது. இந்தப் பெண் அதை வேறு விதமாகப் படித்து வைத்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ரோசரி தர்மராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கறுப்புச் சட்டைக்காரர். உறையூரில் ஒரு படிப்பகத்தை அவர்தான் நடத்திவந்தார். தினமும் சாயங்காலம் பேப்பரை உரக்கப் படித்து, கேட்க வந்தவர்களுக்கு விளக்கமும் சொல்லுவார். தாலி இல்லை, ஐயர் இல்லை, சாமியார் இல்லை. மாலை மாற்றி, நாலு பேர் பேசி, சோடா குடித்துக் கலைந்த கல்யாணம். சர்க்காரும் அதைக் கல்யாணம் என்று எழுதிக்கொள்ளவில்லை, கோயிலும் எழுதிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ரோசரிக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் கிடையாது, நன்மை கிடையாது. பூசைக்கு வரலாம், உட்காரலாம், போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. அலுத்துப்போன மனுஷர்.

"அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னா ஏறல. ஞான உபதேச வகுப்புல முட்டி போட்டுக்கிட்டே பாடம் கேக்குது. ஒண்ணு நீ மாட்டேன்னு சொல்லிடு. இல்ல, ஒன் கல்யாணத்தை நேராக்கு."

"எப்படி சாமி?"

"ஒன் புருஷன் ஞானஸ்நானம் வாங்க வேண்டாம். ஒன் வேதத்துக்குக் குறுக்க நிக்க மாட்டேன், புள்ள பொறந்தா கோயிலுக்குக் குடுப்பேன்னு ரெண்டு வரி கையெழுத்து. மேற்றிராணியார்கிட்ட அனுமதி நான் வாங்கித் தர்றேன். பீடத்துக்கு முன்னால கூட இல்ல, சக்ரீஸ்துல, நாங்க பூசை உடுப்பு மாத்துற ரூம்ல வெச்சு முடிச்சிடலாம். இங்க வேண்டாம்னா ஸ்ரீரங்கம் பக்கம் சின்னக் கோயில் ஒண்ணு இருக்கு. அங்க உள்ள பெரியவரு செஞ்சு வெப்பாரு. ஒரு காக்காய்க்குத் தெரியாது."

"அவரு வர மாட்டாரு சாமி."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்க மாட்டேன் சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு."

ரோசரியால் சொல்லவும் முடியவில்லை. சொல்லலாம் என்று பாலக்கரைப் பக்கம் போய்விட்டு, தெருமுனையிலேயே திரும்பி வந்தாள். பிள்ளை பெறாத அவளைப் பார்த்து, உன்னைப் போல ஆக வேண்டும் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவளிடம் போய் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தர்மராஜிடம் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் திருச்சியில் ஒரு விஷயம் பாலக்கரையிலிருந்து உறையூருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பிட உட்கார்ந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சாம்? தண்ணி ஊத்துன கை தோளுக்கு ஆகாதான்னா?"

"ஆமா."

"அடேயப்பா! எங்க மேடையில முழங்குறவனுக்குக் கூட இப்படி ஒண்ணு தோணாது. எந்த கிளாஸு படிக்கிது?"

"எட்டாவது."

ரசத்தைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "ஸ்ரீரங்கத்துல கையெழுத்துப் போடணுமாமே. நான் எப்படி ரோசரி வருவேன்? எனக்காக இல்ல. தங்கையனை நெனச்சுப் பாரு."

தங்கையன் டவுன் பஸ் கண்டக்டர். படிப்பகத்துக்கு வருகிற இளவட்டங்களில் ஒருவன். தர்மராஜைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் மீசையைப் போலவே மீசை, அவர் பேசுவதைப் போலவே பேச்சு. அவர் தலைமையிலேயே வள்ளிக்கண்ணு என்கிற வேறு சாதிப் பெண்ணை மாலை மாற்றிக் கட்டிக்கொண்டான். அவன் தாய் இருளாயி அன்றைக்கு மூடிய கதவை இன்னும் திறக்கவில்லை.

"என்னைப் பாத்து மாலை மாத்துன பய. நான் போயி அங்கி போட்டவரு முன்னால நின்னா, அவன் வீட்டுல அந்தப் பொண்ணு மொகத்தை எப்படிப் பாப்பான்?"

"நான் கேக்கவே இல்லையேங்க."

"கேக்கலங்கிறதுதான் குத்துது." எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் இருதயமேரியே உறையூருக்கு வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒனக்குப் புண்ணியமாப் போகும் ரோசரி. ஒரு வார்த்தை மாட்டேன்னு சொல்லிடு. நீ இல்லேன்னா உறுதிபூசுதலே வேண்டாங்கிறா. அவங்கப்பா பெல்ட்டை எடுத்துட்டாரு. அடிச்சாலும் அழ மாட்டேங்கிறா. ஒன்னை மாதிரி ஆகணுமாம், ஒன்னை மாதிரி! ஒன்னைக் குத்தம் சொல்லல தாயி. ஆனா எந்தத் தாய்க்கு மனசு ஆறும் சொல்லு?"

ரோசரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தர்மராஜ் வெளியே வரவில்லை. இருதயமேரி மூக்கைச் சிந்திக்கொண்டு போன பிறகுதான் வந்தார்.

"போலாம்."

"எங்க?"

"அந்த ஸ்ரீரங்கத்துச் சாமியார்கிட்ட."

"வேண்டாங்க. தங்கையன்..."

"என்னைப் பாத்து நாலு பேரு வரலாம், ஒன்னைப் பாத்து ஒருத்தி வரக்கூடாதா? பெண்ணுக்கும் சரிசமம்னு மேடையில பேசிட்டு, வீட்டுல எம்பேரை மட்டும் காப்பாத்திக்கிட்டா அது என்ன நாணயம்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சொல்லிடு ஒங்க சாமியார்கிட்ட."

வேண்டாம் என்று இன்னும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். பிற்பாடு, அவர் காலமான பிறகு, அந்த நிமிஷத்தை ரோசரி எத்தனையோ முறை திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதில் அவள் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். டோரதியின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு அப்புறம் நாக்கில் நன்மை வாங்குகிற ஆசையும் கூடவே வந்துவிட்டது.

அனுமதி வந்து சேர்ந்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் பூக்கூடையும் தேங்காயுமாக ஏகக் கூட்டம், அம்மா மண்டபத்தில் இறங்கிக் குளிக்கப் போகிறவர்கள். ரோசரியும் தர்மராஜும் உள்ளே ஏறி நிமிர்ந்து பார்த்தால் தோல்பையோடு தங்கையன் நின்றுகொண்டிருந்தான். அந்த வாரம் அவனை அந்த ரூட்டில் போட்டிருந்தார்கள்.

"யாரு, அண்ணனா! வெள்ளைச் சட்டையில அடையாளமே தெரியல. அண்ணி, வாங்க வாங்க. ஏம்மா, கூடையை மடியில வெச்சுக்கயேன், எங்க அண்ணி உக்காரட்டும். ஏண்ணே, ஸ்ரீரங்கத்துல இன்னிக்குக் கூட்டமா? எனக்குத் தெரியாம எவன் போட்டான்?"

"கூட்டம் இல்லடா. கோயிலுக்குப் போறேன்."

தங்கையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். "கேட்டீங்களா! எங்கண்ணன் கோயிலுக்குப் போறாராம். அண்ணே, அவரு பாட்டுக்குப் படுத்திருக்காரு, எழுப்பி விட்டுடாதீங்க."

பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் திரும்பினார். "எழுந்தார்னா முதல்ல உங்க அண்ணாவைத்தான் கேப்பார், இத்தனை நாளா எங்கேடா போயிருந்தேன்னு."

இன்னும் பலமாகச் சிரிப்பு. தர்மராஜும் கூடச் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். பொய் பேசத் தெரியாத மனுஷர். பாலத்தில் பஸ் ஏறியது. கீழே காவேரி செக்கச்செவேலென்று இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

"மாதா கோயிலுக்குடா. இவளுக்காக. கல்யாணம் செஞ்சு வெக்கிறாங்க."

"ஒங்களுக்குத்தான் ஆயிடுச்சேண்ணே. அதுக்கு மேல என்ன..." என்று ஆரம்பித்தவன் ரோசரியின் முகத்தைப் பார்த்தான். அவள் முக்காடு போட்டிருந்தாள். திரும்ப அவரைப் பார்த்தான்.

"டிக்கெட் குடுடா," என்றார் தர்மராஜ்.

ரெண்டு டிக்கெட்டைக் கிழித்து, அவர் கையைப் பார்த்து நீட்டினான். "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே முன்பக்கம் போனவன், ஸ்ரீரங்கம் வந்து அவர்கள் இறங்குகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

சக்ரீஸ்துவில் ஈர மெழுகு வாசனை அடித்தது. பெரியவர் சாமியாருக்குக் கை நடுக்கம். மணியடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயில் பிள்ளையும் அவன் சம்சாரமும் சாட்சி. பூவும் இல்லை, பாட்டும் இல்லை. மேசையில் வைத்த தாளைத் தர்மராஜ் நிதானமாக முழுக்கப் படித்தார். "பொறக்காத புள்ளைக்கு நான் எப்படிங்க வாக்குக் குடுக்கிறது?" என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். சாமியாருக்குக் காது மந்தம். "எங்க?" என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தொட்டுக் காட்டினார். தர்மராஜ் போட்டார். மேடையில் நின்றால் கடைசி வரிசை வரை கேட்கிற குரல் அவருக்கு. சம்மதமா என்று கேட்டபோது சொன்ன வார்த்தை பக்கத்தில் நின்ற ரோசரிக்கே சரியாகக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஏறாமல் பாலத்தில் நடந்தே வந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால்.

அடுத்த நாள் இருதயமேரி வீட்டில் ரோசரிக்குக் காபி கிடைத்தது. "மாதா கண்ணைத் தொறந்துட்டா!" என்று கன்னத்தைத் தடவினாள் இருதயமேரி. பள்ளிக்கூடம் விட்டு வந்த டோரதி பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முழங்கால் இரண்டிலும் காய்ப்பு. ரோசரி அவள் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அந்த மாமா வந்தாங்களா?"

"வந்தாரு."

"கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாரு."

"நீங்க போடச் சொன்னீங்களா?"

"இல்லடா. அவரேதான்."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

ரோசரி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு தரம் சொன்னேன்."

டோரதி தலையை ஆட்டினாள். "கல்யாணத்தை நேராக்கச் சொன்னா, நீங்க முடியாதுன்னுதான் சொல்வீங்கன்னு நெனச்சேன் அக்கா. யாரு வந்து என்ன சொன்னாலும் முடியாதுன்னு. அப்ப நானும் முடியாதுன்னு சொல்லிட்டு, ஒங்ககூடக் கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துருப்பேன்."

"வாயைப் பாரு, வாயை!" என்று கையை ஓங்கினாள் இருதயமேரி. "இவ கேட்டாளேன்னு அவங்க குடும்பமே எறங்கி வந்திருக்கு."

"அதான்மா," என்றாள் டோரதி.

மாதா திருநாள் அன்று கோயில் நிறைந்திருந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் ரோசரி நன்மை வாங்கினாள். பிறகு பிள்ளைகள் வரிசை நகர்ந்தது. வெள்ளை உடுப்பில் டோரதி நின்றாள். ரோசரி வலது கையை அவள் தோளில் வைத்தாள். மேற்றிராணியார் தைலம் பூசினார். கன்னத்தில் தட்டினார். எல்லாம் முறைப்படி நடந்தது. கைக்கு அடியில் இருந்த அந்தத் தோள் அசையவும் இல்லை, சாயவும் இல்லை. பிரசவ வார்டில் எத்தனையோ உடம்பைத் தொட்ட கை அது. தொட்டால் ஒதுங்குகிற உடம்பையும் அதற்குத் தெரியும், பொறுத்துக்கொள்கிற உடம்பையும் தெரியும். இது பொறுத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் டோரதி கை கூப்பினாள். "தோத்திரம் ஞானம்மா." அக்கா என்கிற வார்த்தை அன்றோடு நின்றது.

அதற்குள் உறையூரில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. தங்கையன் வள்ளிக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு போய், குலதெய்வத்தின் முன்னால் தாலி கட்டிவிட்டான். இருளாயி கதவைத் திறந்தாள். வள்ளிக்கண்ணு கடைவீதியில் ரோசரியைப் பார்த்து, "நல்லதுதான் அக்கா. அத்தை இப்ப சோறு போடுறாங்க," என்றாள். சொல்லும்போது புதுத் தாலியை முந்தானைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள். படிப்பகத்தில் யாரும் தர்மராஜை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பேப்பரைக் கையில் எடுத்தால், ஒருத்தன் பீடி பற்றவைக்க வெளியே போனான், இன்னொருத்தனுக்கு அவசரமாக ஏதோ வேலை வந்தது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அவரே நின்றுகொண்டார்.

திருநாள் சாயங்காலம் இருதயமேரி டோரதியிடம் பலகாரத் தட்டைக் கொடுத்து உறையூருக்கு அனுப்பியிருந்தாள். ஞானத்தாய் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது வழக்கம். தர்மராஜ் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். டோரதி அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரோசரி, ஒன் மக வந்திருக்கா பாரு," என்றார். பிறகு அவளிடம், "நீதானா அது? கை ஆகுமா ஆகாதான்னு மடக்குனவ? ஒங்க உபதேசியாரு இன்னும் முழிச்சிக்கிட்டுதான் இருக்காராமே!"

டோரதி சிரிக்கவில்லை. ரோசரி உள்ளேயிருந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் அப்படியே நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"உங்களுக்குச் சாமி இல்லதானே?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க? அக்கா அழுதாங்களா?"

அவள் அக்கா என்று சொன்னது ரோசரியின் காதில் விழுந்தது. அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை.

"ஒங்கக்கா அழவும் இல்ல, கேக்கவும் இல்ல." தர்மராஜ் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்த முகத்தில் வேடிக்கை இல்லை. நாலு பேரிடம் பேசுவது போல இல்லாமல் அவளிடம் மட்டும் பேசினார். "ஒன்னைப் பாத்துதாம்மா வந்தேன். அத்தனூண்டுப் பொண்ணு, முட்டி தேஞ்சாலும் பரவால்ல, ரோசரி கைதான் வேணும்னு ஒத்தையா நின்னே. அதைக் கேட்டப்புறம், எம்பேரு கெட்டுரும்னு நான் வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா நல்லாருக்குமா? ஒன் அளவுக்காவது நிக்கணும்னு தோணுச்சு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். டோரதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. பெல்ட்டுக்கு அழாத பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிள் சக்கரத்தையே பார்த்தாள். யாரையாவது பார்த்து நடக்க வேண்டும் என்று தேடி வந்தவள். அவளைப் பார்த்து ஒருத்தர் நடந்திருக்கிறார். அதில் அவருடைய ஊரும் பேரும் போய்விட்டன.

"நான் அப்படிச் சொல்லலையே மாமா," என்றாள் கடைசியில். "நான் உங்களை வரச் சொல்லலையே."

"நீ சொல்லலம்மா. யாரு சொன்னா?" தர்மராஜ் பதறிப்போய் ரோசரியைப் பார்த்தார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

ரோசரி தட்டைக் காலி செய்து, வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். டோரதி வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் ஞானம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். தட்டில் சர்க்கரை சிந்தாமல் மெதுவாகத்தான் போனாள். ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தி, அது உன்னால் இல்லடா கண்ணு, பெரியவர்கள் செய்ததை நீ தூக்கிக்கொண்டு போகாதே என்று சொல்ல வேண்டும் போல ரோசரிக்கு இருந்தது. வாசற்படி வரைக்கும் வந்தும்விட்டாள். ஆனால் அவர் சொன்னது நிஜம். நிஜத்தை இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடும்.

தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.